தண்ணியில்லாக் காடும் தகுதி ஏணியும்

"தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன், ஜாக்கிரதை!"

அரசு ஊழியத்தில் இருக்கும் எவரைக் கேட்டாலும் சொல்லுவார், இந்த மிரட்டல் எத்தனை பழையது என்று. மேலதிகாரி சொல்லுவார். மேலதிகாரிக்கு வேண்டியவர் சொல்லுவார். வட்டம், ஒன்றியம் என்று வலம்வரும் நம்மவர்களிலேகூடச் சிலர் சொல்வதுண்டு, அதை மறைப்பானேன்! குற்றம் செய்தவன் அலுவலன். அவனுக்குத் தண்டனை, காடு. சரி! அந்தக் காட்டிலே பிறந்த பிள்ளை செய்த குற்றம் என்ன? பட்டணத்துப் பள்ளிக்கு லாயக்கில்லை என்று நீங்களே முத்திரை குத்திய வாத்தியாரைக் கொண்டுபோய் அவன் தலையிலே கட்டுகிறீர்களே, அவன் எந்தச் சட்டத்தை மீறினான்?

இந்தக் கேள்வியை நெஞ்சிலே முடிந்துவைத்துக்கொண்டு, தோழர்களே, டில்லியிலே செய்து நிறுத்தியிருக்கும் புதிய ஏணியைப் பார்ப்போம், வாருங்கள்.

2020-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 29-ஆம் நாள் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த தேசியக் கல்விக் கொள்கையில், ஐந்தாம் பகுதி ஆசிரியரைப் பற்றியது. அதிலே சொல்லியிருப்பது இது: இனி ஆசிரியருக்குப் பதவி உயர்வும் ஊதிய உயர்வும் பணிமூப்பை வைத்துக் கிடையா, மதிப்பீட்டை வைத்து மட்டுமே. ஒவ்வொரு நிலையிலும் பல படிகள் இருக்கும். சக ஆசிரியரின் கருத்து, வருகை, ஈடுபாடு, பயிற்சி பெற்ற மணிக்கணக்கு, பள்ளிக்கும் ஊருக்கும் ஆற்றிய தொண்டு ஆகியவற்றை அளந்து பார்த்து, தகுதியுள்ளவரை மேலே ஏற்றுவார்கள். வேலை நிரந்தரமாவதும் இந்த அளவீட்டைப் பொறுத்ததே.

"நல்லதுதானே! உழைப்பவனுக்கு உயர்வு, சோம்பேறிக்குச் சோறில்லை. இதிலே என்ன தவறு?" என்று நம் தோழர் ஒருவர் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். பத்தாண்டு கடந்தால் தேர்வுநிலை, இருபதாண்டு கடந்தால் சிறப்புநிலை என்று நாட்காட்டியின் தாள் கிழிவதை மட்டும் எண்ணி உயர்வு தரும் முறையிலே குறை இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. கூலிக்காரன் பெற்ற பிள்ளையைக் கைபிடித்து எழுதவைத்து ஆளாக்கிய ஆசிரியருக்கும், நாற்காலியிலே சாய்ந்து நாளேட்டைப் புரட்டியவருக்கும் ஒரே நாளில் ஒரே உயர்வு! உழைத்தவர் உள்ளத்திலே அது என்ன செய்யும் என்பது ஆலையிலே வேலை பார்க்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஆனால், ஆலையைப் பற்றிப் பேச்செடுத்ததால் ஒன்று கேட்கிறேன்.

இரண்டு நெசவாளிகள். ஒருவருக்குப் புதுத் தறி, நல்ல நூல், பக்கத்திலே உதவிக்கு ஓர் ஆள். மற்றவருக்கு ஓட்டைத் தறி. தொட்டால் அறுகிற நூல். போதாக்குறைக்கு, நடுப்பகலில் தறியை விட்டிறங்கி வாசல் கூட்டவும் ஆலைக் கணக்கு எழுதவும் வேண்டும். மாலையிலே மேஸ்திரி வருகிறார், முழக்கோலோடு. "முதலாமவர் பன்னிரண்டு முழம், கெட்டிக்காரர், மேலே ஏறட்டும். இரண்டாமவர் நாலு முழம். தகுதியில்லை, அங்கேயே கிடக்கட்டும்!" முழக்கோலிலே பொய்யில்லை, தோழர்களே. அளந்தது சரிதான். ஆனால் அந்த அளவை நியாயம் என்று எந்தத் தொழிற்சங்கமாவது ஏற்குமா? தறியைச் சமமாக்கு, பிறகு அளக்க வா என்றல்லவா கொடி பிடிக்கும்?

இந்தியத் துணைக்கண்டத்துப் பள்ளிகளிலே தறி எப்படி இருக்கிறது? நான் கற்பனை செய்து சொல்லவில்லை. மத்தியக் கல்வி அமைச்சகமே வெளியிட்ட 2024-25 ஆண்டுக் கணக்கு சொல்லுகிறது. ஒரே ஓர் ஆசிரியரைக் கொண்டு நடக்கும் பள்ளிகள் ஒரு லட்சத்துக்கு மேல்: 1,04,125. அவற்றிலே படிக்கும் பிள்ளைகள் ஏறத்தாழ 34 லட்சம். அதே கணக்கின் இன்னொரு மூலையிலே, ஒரு பிள்ளைகூடச் சேராத பள்ளிகள் ஏறத்தாழ 8,000 இருக்கின்றன. அந்தப் பள்ளிகளின் பேரால் 20,817 ஆசிரியர்கள் பணியிலே காட்டப்படுகிறார்கள்!

இன்னொரு முறை படியுங்கள். ஒரு லட்சம் பள்ளிகளில் ஐந்து வகுப்புக்கும் ஒரே வாத்தியார். எட்டாயிரம் பள்ளிகளில் பிள்ளையே இல்லாத கட்டடத்துக்கு இருபதாயிரம் வாத்தியார்! ஆசிரியருக்குப் பஞ்சமா இது? பஞ்சமும் உண்டு; ஆனால் அதைவிடப் பங்கீட்டிலே பித்தலாட்டம். தாகத்தால் தவிப்பவன் வீட்டிலே குடம் காலி. ஆளில்லாத வீட்டிலே குழாய் திறந்தபடி ஓடுகிறது.

இதற்குச் சட்டமில்லையா? உண்டே! 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் சொல்லுகிறது: தொடக்கப் பள்ளியிலே 60 பிள்ளைகள் வரை இருந்தாலும் இரண்டு ஆசிரியர் வேண்டும். பள்ளியின் காலியிடம் நூற்றுக்குப் பத்தைத் தாண்டக்கூடாது. ஆக, அந்த ஒரு லட்சம் பள்ளிகளும் சர்க்கார் தன் சட்டத்தைத் தானே மீறியதற்கு நிற்கிற சாட்சிகள். சட்டத்தை மீறிய சர்க்கார்தான், தனியாகத் தவிக்கும் அந்த ஆசிரியரைப் பார்த்து, "உன் தகுதியை அளக்கப் போகிறேன், நிமிர்ந்து நில்!" என்கிறது!

அந்த ஒற்றை ஆசிரியரின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். முதல் வகுப்புக்கு அகரம், மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல், ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம். இடையே சத்துணவுக் கணக்கு, பதிவேடு, கைப்பேசியிலே ஏற்றவேண்டிய விவரம். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி. 2025 நவம்பரில் தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, படிவத்தைத் தூக்கிக்கொண்டு வீடுவீடாக அலைந்தவர்களிலே ஆசிரியர்கள் எத்தனை பேர் என்பது உங்கள் தெருவுக்கே தெரியும். அவர் வெளியே போன நாளில் பள்ளி என்னவாயிற்று? பயிற்சிக்குப் போனால் மதிப்பெண் கூடும் என்கிறது கொள்கை. பயிற்சிக்குப் போனால் பள்ளிக்குப் பூட்டு! பத்து ஆசிரியர் இருக்கும் நகரத்துப் பள்ளியிலிருந்து ஒருவர் பயிற்சிக்குப் போகலாம், மணிக்கணக்கைச் சேர்க்கலாம், ஏணியிலே ஏறலாம். மலைமேல் இருப்பவர் எப்படி ஏறுவார்? சக ஆசிரியரின் கருத்தை எழுதி வாங்கு என்கிறார்கள். சக ஆசிரியருக்கு அவர் எங்கே போவார்? கரும்பலகையிடமா கேட்பார்?

நான் ஒருதலையாகப் பேசுவதாக எவரும் எண்ணவேண்டாம். அதே கொள்கையிலே, கிராமத்து ஆசிரியருக்குப் பள்ளியருகே வீடு கட்டித் தரவேண்டும், அல்லது வீட்டுப்படியை உயர்த்த வேண்டும் என்றும், அடிக்கடி மாற்றும் கேடு ஒழியவேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். எழுதியது நல்லதுதான். ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள்: ஆசிரியரை அளக்கும் அளவுகோல் 2022-க்குள் தயாராக வேண்டும் என்று நாள் குறித்தவர்கள், வீட்டுக்கு நாள் குறிக்கவில்லை. முழக்கோலுக்குக் கெடு உண்டு. தறிக்குக் கெடு இல்லை.

அளக்கப்போகிறவர் யார் என்பதையும் கேட்டாக வேண்டும். அரியானாவில் 1999-2000-இல் 3,206 ஆசிரியர்களை நியமித்ததிலே நடந்த மோசடிக்காக, முன்னாள் முதலமைச்சர் ஓம் பிரகாஷ் சவுதாலா 2013 சனவரியில் பத்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். மேற்கு வங்கத்திலே 2016-ஆம் ஆண்டு ஆள்தேர்வு ஊழலிலே ஊறிப்போனது என்று சொல்லி, 25,000-க்கும் மேற்பட்ட ஆசிரியர், அலுவலர் நியமனங்களை 2025 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் ரத்துச் செய்தது. கையும் களவுமாய்ப் பணம் கொடுத்தவரோடு, இரவும் பகலும் படித்துத் தேறியவரும் தெருவுக்கு வந்தார். வாசலிலே நுழையும்போதே விலை பேசுகிறவர்கள், ஒவ்வொரு படியிலும் நின்று "ஈடுபாடு" எவ்வளவு என்று எடைபோட உட்கார்ந்தால், தராசின் தட்டிலே என்ன விழும்? பூச்செண்டா விழும்?

பழைய கதையையும் சற்றுப் புரட்டுவோம். இந்த "அளந்து கூலி" வித்தை இன்று பிறந்ததல்ல. இங்கிலாந்திலே 1862-இல் ராபர்ட் லோ என்பவர் கொண்டுவந்தார். ஒரு பிள்ளையின் வருகைக்கு 4 ஷில்லிங். படிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் தேறினால் 8 ஷில்லிங். ஒன்றிலே தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு! விளைவு? அந்த மூன்றுக்கு வெளியே உள்ள பாடங்கள் மெலிந்தன. ஆய்வாளர் வரும் நாளுக்காக வாசகப் புத்தகத்தைப் பிள்ளைகள் தலைகீழாய் மனப்பாடம் செய்தார்கள். பள்ளி ஆய்வாளராகவே பணியாற்றிய கவிஞர் மாத்யூ ஆர்னால்டு அதை எதிர்த்து எழுதினார். முப்பது ஆண்டுபோல ஆடிவிட்டு அந்த முறை மெல்லச் செத்தது. அதன் வாடை நம் சென்னை மாகாணத்துக்கும் கப்பலேறி வந்தது. தேர்ச்சியை எண்ணி மானியம் தரும் முறை இங்கே நடந்தது பற்றி 1882-இல் அமைந்த ஹண்டர் குழு விரிவாகவே விவாதித்தது.

அமெரிக்காவின் அட்லாண்டா நகரிலே, தேர்வு மதிப்பெண்ணை உயர்த்தாவிட்டால் தலை தப்பாது என்று நெருக்கினார்கள். பிள்ளைகள் எழுதிய தவறான விடைகளை ஆசிரியர்களே அழித்துத் திருத்தினார்கள். 178 பேர் இதிலே சிக்கியதாக 2011-இல் வந்த மாநில விசாரணை அறிக்கை சொன்னது. 2015-இல் பதினொரு பேரை நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. திருத்தப்பட்ட விடைத்தாளால் ஏமாந்தவர் யார்? பெரும்பாலும் ஏழை நீக்ரோ மக்களின் பிள்ளைகள் என்று அந்நாளிலே எழுதியிருப்பார்கள்; கருப்பின மக்கள் என்று இன்று சொல்லுகிறோம். பெயர் மாறியது. ஏமாற்றப்பட்ட பிள்ளைகள் மாறவில்லை.

மெக்சிகோவின் கதை இன்னும் நீளமானது. அங்கே 1993-இல் ஆசிரியருக்கு 'அ' முதல் ஐந்து படிகொண்ட ஏணியை நாட்டினார்கள். பட்டம், பயிற்சி, பணிக்காலம், பிள்ளைகளின் தேர்ச்சி என்று நூறு புள்ளிக் கணக்கு. ஒருமுறை ஏறினால் இறங்க வேண்டியதில்லை. ஏறியவர் சம்பளம் உயர்ந்தது. பிள்ளைகளின் கல்வி அதனால் பெரிதாக உயர்ந்ததற்கு ஆய்வாளர்கள் சான்று காணவில்லை. பணியிடத்தை விற்பதும், தந்தை மகனுக்கு விட்டுப்போவதும் அந்நாட்டிலே வழக்கமாயிருந்தது. அதை ஒழிக்கிறேன் என்று 2013-இல் வந்த சட்டம், தேர்வெழுதித் தேறு, மும்முறை தவறினால் வகுப்பறையைவிட்டு வெளியேறு என்றது. ஓஹாகா போன்ற ஏழை மாநிலங்களில் ஆசிரியர்கள் சாலையிலே இறங்கினார்கள். 2016 சூன் 19-இல் நோச்சிட்லான் ஊரிலே போலீசாரோடு மோதல், உயிர்கள் பலியாயின. 2019-இல் அந்தச் சீர்திருத்தத்தையே நீக்கினார்கள். பணியிடத்தை விற்ற கொடுமையை எதிர்த்தது நியாயம்தான். மலைநாட்டுப் பள்ளிக்கு ஒன்றும் தராமல், மலைநாட்டு ஆசிரியருக்குத் தலைநகரத்து வினாத்தாளை மட்டும் அனுப்பியதுதான் நெருப்பை மூட்டியது.

அப்படியானால் ஊக்கத்தொகையே பயனற்றதா? அப்படிச் சொன்னால் உண்மைக்கு மாறு. நம் அண்டையிலே, ஆந்திர கிராமங்களிலே, 2005 முதல் ஒரு சோதனை நடத்தினார்கள். கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் இருவரும் அதன் முடிவை 2011-இல் வெளியிட்டார்கள். ஊக்கத்தொகை சராசரியாக ஆண்டுச் சம்பளத்திலே நூற்றுக்கு மூன்று. அவ்வளவுதான்! இரண்டாண்டிலே அந்தப் பள்ளிப் பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் மற்றவரை முந்தினார்கள். பரிசு வைக்காத பாடங்களிலும் முந்தினார்கள். எப்படி? கூர்ந்து பாருங்கள். மதிப்பெண் எவ்வளவு என்று அவர்கள் அளக்கவில்லை. சென்ற ஆண்டைவிட எவ்வளவு உயர்ந்தது என்று அளந்தார்கள். தேர்வை நடத்தியவர் பள்ளிக்கு வெளியே இருந்து வந்தவர். மேலதிகாரியின் விருப்பு வெறுப்புக்கு அங்கே இடமில்லை. முன்னே சொன்ன கதையிலே, ஓட்டைத் தறிக்காரர் நேற்று மூன்று முழம், இன்று நாலு முழம் என்றால், அவரைத்தான் முதலிலே தட்டிக்கொடுத்திருக்க வேண்டும்! டில்லிக் கொள்கையின் பட்டியலிலே பயிற்சி மணி இருக்கிறது, ஈடுபாடு இருக்கிறது. அந்தப் பிள்ளை எங்கே தொடங்கினான், எங்கே வந்து சேர்ந்தான் என்கிற கேள்வி இல்லை.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு சொல். உங்கள் உரிமைக்கு நாங்கள் குரல் கொடுக்கிறோம். உங்கள் குறைக்குக் குடை பிடிக்க மாட்டோம். 2003-இல் இந்தியா முழுதும் முன்னறிவிப்பின்றிப் பள்ளிக்குப் போய்ப் பார்த்தவர்கள், நாலில் ஓர் ஆசிரியர் பள்ளியில் இல்லை என்று எழுதினார்கள். ஏடுகள் எல்லாம் "ஓபி அடிக்கும் வாத்தியார்" என்று கொட்டை எழுத்திலே போட்டன. 2017-இல் அசீம் பிரேம்ஜி அறநிறுவனம் ஆறு மாநிலங்களில் விசாரித்தபோது, பள்ளியில் இல்லாதவர் நூற்றுக்குப் பதினெட்டு பேர். ஆனால் காரணமின்றி வராதவர் நூற்றுக்கு இரண்டரை மட்டுமே. மற்றவர் விடுப்பு, பயிற்சி, சர்க்கார் அலுவல். ஆகவே பழியிலே பெரும்பங்கு உங்களுடையதல்ல. ஆனால் அந்த இரண்டரைப் பேருக்காக எந்தச் சங்கமும் வாதாட வரக்கூடாது. நகரத்து இடத்துக்காக அரசியல்வாதியின் வீட்டு வாசலிலே அதிகாலையில் நிற்பவரும் உங்களிலேதான் இருக்கிறார். அவர் நகரத்துக்கு வர, கிராமத்திலே ஒரு நாற்காலி காலியாகிறது. அவருக்குக் கடிதம் கொடுத்தவர் நம்மவராயிருந்தால், அந்தக் காலி நாற்காலியிலே நமக்கும் பங்குண்டு.

பங்கீட்டை நேராக்க வழியே இல்லையா? கர்நாடகம் 2007-இல் ஆசிரியர் மாற்றத்துக்கென்றே சட்டம் செய்தது. ஊர்களை மூன்று மண்டலமாகப் பிரித்து, கலந்தாய்விலே வைத்து இடம் ஒதுக்கியது. தமிழ்நாட்டிலும் கலந்தாய்வு நடக்கிறது. பெட்டி தூக்கிக்கொண்டு கோட்டைக்கு அலைந்த காலத்தோடு ஒப்பிட்டால் அது முன்னேற்றமே. ஆனால் கலந்தாய்விலே முதலில் அழைக்கப்படுபவர் மூத்தவர். மூத்தவர் எடுப்பது நகரம். மிச்சம் விழுவது இளையவருக்கு, அதாவது மலைப்பிள்ளைக்கு. வரிசை நேர்மையானது, வரிசையின் முடிவு அநீதியானது.

சப்பானிலே வேறு விதம். ஆசிரியர் ஒரு பள்ளியின் சொத்தல்ல, மாகாணத்தின் ஊழியர். சில ஆண்டுக்கொருமுறை சுற்றிச் சுற்றிப் பள்ளி மாறவேண்டும். தண்டனையாக அல்ல, முறையாக. தீவுகளிலும் மலைகளிலும் உள்ள பள்ளிகளுக்காக 1954-இலேயே தனிச் சட்டம் செய்து, ஊரின் எட்டாத்தூரத்தைத் தரம் பிரித்து, தரத்துக்கேற்பப் படி கொடுத்தார்கள். போரிலே தோற்று ஒன்பதே ஆண்டான நாடு அது! தென்கொரியாவிலே இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: தீவுப் பள்ளியிலும் மலைப் பள்ளியிலும் வேலை பார்த்தவருக்குப் பதவி உயர்வுக்குக் கூடுதல் புள்ளி. ஆப்பிரிக்காவின் சின்னஞ்சிறு காம்பியா நாடுகூட, 2006-இல், தொலைதூரப் பள்ளி ஆசிரியருக்குச் சம்பளத்திலே நூற்றுக்கு முப்பது, நாற்பது என்று சேர்த்துக் கொடுத்தது. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

கொரியா செய்ததை எண்ணிப் பாருங்கள், தோழர்களே. ஏணி வேண்டுமா? வையுங்கள். ஆனால் அதன் கீழ்ப்படி கொல்லிமலையிலும் சவ்வாது மலையிலும் இருக்கட்டும். தலைமையாசிரியராக விரும்புகிறவர், ஒற்றை ஆசிரியர் பள்ளியிலோ பின்தங்கிய ஒன்றியத்திலோ சில ஆண்டு பணியாற்றி வரட்டும். அவர் தங்க வீடு கட்டுங்கள். இரண்டாவது ஆசிரியரைத் துணைக்குக் கொடுங்கள். பெண் ஆசிரியர்க்குப் பேருந்தும் பாதுகாப்பும் உறுதி செய்யுங்கள். அதன்பின் அளக்க வாருங்கள். பிள்ளை எவ்வளவு வளர்ந்தான் என்று அளங்கள். அன்று "தண்ணியில்லாக் காடு" தண்டனைக்குரிய இடமாக இராது. தலைமைக்குப் போகிற பாதையாக இருக்கும். மிரட்டுகிறவருக்கு வேறு வாசகம் தேடவேண்டி வரும்!

2025 செப்டம்பர் முதல் நாள் உச்சநீதிமன்றம் தந்த தீர்ப்பால், பணிக்காலம் ஐந்தாண்டுக்கு மேல் மிச்சமுள்ள ஆசிரியர்கள் இரண்டாண்டிலே தகுதித் தேர்வு எழுதித் தேறவேண்டும் என்ற நிலை வந்தது. அதற்குக் குறைவாக உள்ளவர் தேறாமல் பணியில் நீடிக்கலாம், உயர்வு கேட்க முடியாது. இருபது ஆண்டு பாடம் சொன்னவர் மறுபடி வினாத்தாளின்முன் உட்கார்ந்திருக்கும் வேளையிலே, அவருடைய ஐந்து வகுப்பையும் யார் பார்ப்பது என்று எவரும் கேட்கவில்லை.

அதை நாம் கேட்கலாம். கேட்பதற்கு இடம் இருக்கிறது. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதன் உறுப்பினரிலே நாலில் மூன்று பங்கு பெற்றோராக இருக்கவேண்டும் என்பது கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் விதி. பெரும்பாலான ஊர்களில் நம் தோழர்களின் துணைவியர்தாம் அதிலே இருக்கிறார்கள். கையொப்பமிட்டுவிட்டுத் தேநீரோடு திரும்பிவிடுகிறார்கள். அடுத்த கூட்டத்திலே நான்கு விவரம் கேட்கச் சொல்லுங்கள். இந்தப் பள்ளிக்கு ஒப்புதலான இடம் எத்தனை? நிரம்பியது எத்தனை? சென்ற ஆண்டு எந்தெந்த நாள் ஆசிரியர் வேறு அலுவலுக்கு அழைக்கப்பட்டார்? கடைசியாக, இந்தப் பள்ளியிலே சம்பளம் வாங்கிக்கொண்டு, "மாற்றுப்பணி" என்ற பெயரால் நகரத்துப் பள்ளியிலே உட்கார்ந்திருப்பவர் யார், அவரை அனுப்பிய உத்தரவிலே கையெழுத்து யாருடையது? ஓர் ஊர்ப் பள்ளியிலே நியமிக்கப்பட்ட ஆசிரியரை வேறு பள்ளிக்கோ அலுவலகத்துக்கோ அனுப்பி வேலை வாங்கக்கூடாது என்று அதே சட்டத்தின் 25-ஆம் பிரிவு சொல்லுகிறது. பதிலை வாயால் சொன்னால் போதாது. பதிவேட்டைக் காட்டச் சொல்லி, பார்த்ததைத் தீர்மானப் புத்தகத்திலே எழுதி வையுங்கள்.